முன்னாடி ஒரே செயின்ரிங்: தினமும் ஓட்டுற சைக்கிளுக்கு கியர் கணக்கு போடுறது எப்படி

போன தடவை பழைய கேசட்டை (பின்சக்கரத்துல இருக்குற பல்சக்கர அடுக்கு) கழட்டி டீகிரீஸர்ல ஊற வெச்சு பிரஷ் போட்டு தேய்ச்சப்போதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. 11, 13, 15 பல்லு இருக்குற மூணு சக்கரமும் கோட்டிங்கூட போகாம பளபளன்னு இருக்கு, ஆனா 21, 24, 28 மூணும் தேஞ்சு கொக்கி மாதிரி வளைஞ்சு கெடக்கு. அதாவது எட்டு கியர் வாங்கிட்டு நாலஞ்சுதான் ஓட்டியிருக்கேன், மிச்சத்தை மூணு வருஷமா சும்மா சுமந்துட்டு போயிருக்கேன்.

காரணம் நான்தான். நல்லா வேகமா ஓட்டுற ஃப்ரெண்டு ஒருத்தன் முன்னாடி, அதாவது பெடல் பக்கம் இருக்குற செயின்ரிங்ல, 46 பல் போட்டிருந்தான், பாக்க கெத்தா இருக்கேன்னு நானும் 46 மாட்டி பின்னாடி 11-28 கேசட் (சின்னது 11 பல், பெருசு 28) வெச்சேன், அவன் ரேஸ் ஓட்டுறவன் நான் லேப்டாப் பையும் சாப்பாட்டு டப்பாவும் தூக்கிட்டு சட்டை கசங்காம போகணும்னு நெனைக்கிறவன்ங்கறது அப்போ மண்டையில ஏறல. முட்டிதான் அதை ஞாபகப்படுத்துச்சு.

அதனால இதுல நான் சொல்லப்போற முறை கொஞ்சம் தலைகீழா இருக்கும். எல்லாரும் "இதுல எவ்வளவு ஸ்பீடு போகும்"னு மேல இருந்து கணக்கை ஆரம்பிப்பாங்க. நாம நடுவுல ஆரம்பிப்போம், நீங்க தினமும் அதிக நேரம் ஓட்டுற அந்த ஒரு கியர்ல. அங்க இருந்து கீழ போய் ஏத்தத்துக்கு சரியா இருக்கான்னு பாப்போம். மேல் ஸ்பீடு தானா வந்து சேரும், அதுக்குன்னு தனியா கணக்கு வேணாம்.

முதல்ல நாலு நம்பர் எடுங்க

ஒண்ணு, சக்கரத்தோட சுற்றளவு. டயர் மேல போட்டிருக்குற நம்பரை வெச்சு டேபிள் பாத்தும் எடுக்கலாம், ஆனா நேரா அளக்குறது அஞ்சு நிமிஷ வேலை. காத்தை நீங்க வழக்கமா வெக்கிற அளவுக்கு அடிச்சுட்டு, வால்வை தரையை பாத்து நேரா கீழ கொண்டுவந்து அந்த இடத்துல தரையில சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க, சைக்கிள் மேல ஏறி உக்காந்துட்டு (யாராவது பிடிச்சுக்கட்டும்) நேரா முன்னாடி உருட்டுங்க, வால்வு மறுபடியும் கீழ வந்ததும் இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல டேப் வெச்சு அளந்தா முடிஞ்சுது. ஏறி உக்காரணும்னு சொல்றது சும்மா இல்ல, உங்க எடையில டயர் கொஞ்சம் அமுங்கும், அது கணக்குல வரணும். 700சி சக்கரத்துல 32 மில்லிமீட்டர் டயர்னா சுமாரா 2.15 மீட்டர் வரும். கீழ எல்லா கணக்குக்கும் நான் அதையே எடுத்துக்குறேன்.

ரெண்டு, கேடன்ஸ், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுத்து மிதிக்கிறீங்க. சென்சார் எல்லாம் தேவையே இல்ல. சமமான ரோட்டுல வழக்கம்போல போறப்போ வலது முட்டி மேல வர்றதை 15 செகண்டு எண்ணி நாலால பெருக்குங்க. பெரும்பாலானவங்களுக்கு 60-க்கும் 80-க்கும் நடுவுல நிக்கும். "90 மிதிச்சாதான் சரி"ன்னு எங்கயாவது படிச்சிருப்பீங்க, அதை விடுங்க, உங்க கால் என்ன சொல்லுதோ அதுதான் நம்பர்.

மூணு, வழக்கமான வேகம். இங்கதான் நெறைய பேர் தனக்குத்தானே பொய் சொல்லிக்குவாங்க. ஆப் காட்டுற மேக்ஸிமம் ஸ்பீடு ஏதோ ஒரு இறக்கத்துல வந்தது, அது வேணாம். ஆவரேஜும் வேணாம், அதுல சிக்னல்ல நின்ன நேரம் எல்லாம் கலந்திருக்கும். தடையில்லாத சமமான ரோட்டுல, காத்து எதிர்ல அடிக்காதப்போ, பேச்சு வர்ற அளவு மூச்சுல என்ன வேகம் போறீங்களோ அதை எடுங்க.

நாலு, உங்க வழியில இருக்குறதுலயே மோசமான ஏத்தம். ஃப்ளைஓவரா இருக்கலாம், பார்க்கிங்ல இருந்து வெளிய வர்ற சரிவா இருக்கலாம். போன்ல லெவல் பாக்குற ஆப் இருக்கும், ஒரு நீளமான பலகையை சரிவுல போட்டு அது மேல போனை வெச்சா டிகிரி காட்டும். ஒரு டிகிரிக்கு சுமாரா 1.75 சதவீதம். 3.4 டிகிரி காட்டுச்சுன்னா 6 சதவீத ஏத்தம்னு வெச்சுக்கங்க.

நடு கியர் கணக்கு

கியர்னா என்ன, ஒரு தடவை பெடலை முழுசா சுத்தினா வண்டி எவ்வளவு தூரம் போகுதுங்கறதுதான். முன்பல்லை பின்பல்லால வகுத்து சுற்றளவால பெருக்குங்க, அந்த தூரம் மீட்டர்ல வந்துடும். சில பேர் இதையே கியர் இன்ச்னு சொல்லுவாங்க, அது முன்னாடி பெரிய சக்கரமும் பின்னாடி சின்ன சக்கரமும் வெச்ச அந்த காலத்து உயரமான சைக்கிள்ல இருந்து வந்த கணக்கு, அதுல செயினே கெடையாது, பெடல் நேரா முன்சக்கரத்துலயே இருக்கும், அதனால சக்கரம் எத்தனை இன்ச்சோ அதுதான் கியர். எனக்கு மீட்டர்தான் வசதி, ஏன்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

இப்போ ஒரு ஆளை எடுத்துக்குவோம், வேகம் 22 கிலோமீட்டர், கேடன்ஸ் 75. மணிக்கு 22 கிலோமீட்டர்னா நிமிஷத்துக்கு சுமார் 367 மீட்டர். அதை 75-ஆல வகுத்தா ஒரு சுத்துக்கு 4.89 மீட்டர். அதை 2.15-ஆல வகுத்தா 2.27. இவருக்கு தினமும் தேவைப்படுற விகிதம் இதுதான், முன்பல் பின்பல்லை விட 2.27 மடங்கு இருக்கணும்.

அடுத்து இந்த விகிதம் கேசட்டோட எந்த பல்லுல விழணும்னு முடிவு பண்ணணும். செயின் நேரா ஓடினா சத்தம் கம்மி, தேய்மானம் கம்மி, அதனால நடுப்பக்கமா விழுறது நல்லது. 9 ஸ்பீடு 11-34 கேசட்டை பாருங்க: 11, 13, 15, 17, 20, 23, 26, 30, 34. சரியா நடுவுல இருக்குறது 20. 20 இன்ட்டு 2.27 போட்டா 45 வரும். பாத்தீங்களா, நான் விழுந்த அதே குழி. நடுவுல இருந்து ஒரு பல் சின்ன பக்கமா தள்ளி 17-ஐ எடுங்க, 38.6 வரும், 38 போடலாம். இப்போ வேகமா போக மூணு பல் மிச்சம், மெதுவா ஏற அஞ்சு பல் மிச்சம். தினமும் வேலைக்கு போறவனுக்கு இந்த பங்கீடுதான் சரின்னு என் கருத்து, ஏன்னா எதிர்காத்து, பாரம், தூக்கம் கலையாத காலை, எல்லாமே உங்களை மெதுவான பக்கத்துக்குத்தான் தள்ளும், யாரும் உங்களை வேகமான பக்கத்துக்கு தள்ளப்போறதில்ல.

மேல் கியர் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. 38-11 போட்டா ஒரு சுத்துக்கு 7.4 மீட்டர், 90 மிதிச்சா மணிக்கு 40 கிலோமீட்டர். டிராஃபிக்ல அதுக்கு மேல மிதிக்கணும்னு உங்களுக்கு தோணுச்சுன்னா பிரேக்கை பத்திதான் நாம பேசணும், கியரை பத்தி இல்ல.

கீழ் கியர், இதுலதான் முட்டி இருக்கு

மீட்டர் கணக்கு வசதின்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான். கேடன்ஸ் 60-ன்னா செகண்டுக்கு ஒரு சுத்து. அப்போ ஒரு சுத்துக்கு எத்தனை மீட்டரோ அதேதான் செகண்டுக்கு எத்தனை மீட்டர் வேகம்ங்கறதும். ஏத்தத்துல 60-க்கு கீழ மிதிக்க ஆரம்பிச்சா முட்டிக்கு சுமை ஏறும், அதனால 60-ஐ கோடா வெச்சுக்குவோம்.

ஆளும் வண்டியும் பையும் சேத்து 90 கிலோ, கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி மிதிச்சா 150 வாட்னு எடுத்துக்கங்க. 6 சதவீத ஏத்தத்துல புவியீர்ப்பு பின்னாடி இழுக்குறது சுமார் 53 நியூட்டன், டயர் உருளுற தடை ஒரு 6, மொத்தம் 59. 150-ஐ 59-ஆல வகுத்தா செகண்டுக்கு 2.54 மீட்டர், மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். அப்போ உங்களுக்கு தேவையான கியர் சுத்துக்கு 2.54 மீட்டர், விகிதம் 1.2 கிட்ட.

38-34 எவ்வளவு? 1.12, அதாவது 2.4 மீட்டர். அந்த ஏத்தத்துல கேடன்ஸ் 63 நிக்கும். பாஸ்.

என்னோட பழைய 46-28? 1.64, சுத்துக்கு 3.5 மீட்டர். அதே ஏத்தம், அதே 150 வாட், கேடன்ஸ் 43. அதே வேலையை கம்மி சுத்துல செய்யணும்னா ஒவ்வொரு மிதியும் 60-ல மிதிக்கிறதை விட 40 சதவீதம் அதிக பாரம். சீட்டை விட்டு எழுந்து நின்னு ஹேண்டில்பாரை பிடிச்சு இழுத்து இழுத்து ஏறுவேன், மேல போய் சேர்றப்போ வலது முட்டிச்சில்லுக்கு கீழ ஊசி குத்துற மாதிரி இருக்கும், அதை வயசுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

இதே 90 கிலோவுக்கு 4 சதவீத ஏத்தம்னா விகிதம் 1.7 போதும், 6-க்கு 1.2, 8-க்கு 0.9. பாரம் ஏறினா இன்னும் இறங்கணும். பின்னாடி குழந்தை சீட்டு, காய்கறி பையின்னு மொத்தம் 110 கிலோ வந்துச்சுன்னா அதே 6 சதவீதத்துக்கே 1.0 கிட்ட வேணும், 36-36 மாதிரி. உங்க ஏத்தம் 50 மீட்டர்தான் இருக்குன்னா கொஞ்சம் கெட்டியான கியர்லயே எழுந்து நின்னு தாண்டிடலாம், ஒரு கிலோமீட்டர் இருக்குன்னா கணக்கை மீறாதீங்க.

நடு கணக்கு 38 சொல்லுது, ஏத்தம் கணக்கு முன்னாடி 34-ஐ கேக்குதுன்னு ரெண்டும் முட்டிக்கிட்டா? கேசட்டை பெருசாக்குங்க, இல்லன்னா ஏத்தம் சொல்றதை கேளுங்க. நடு கியர் ஒரு பல் தள்ளிப்போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. முன்னாடி 2 பல் மாத்துறது 5 சதவீதம் சொச்சம்தான், பின்னாடி ஒரே ஒரு கிளிக்கே 13, 15, 18 சதவீதம்னு போகும்.

கேசட் இடைவெளி

பெரிய கேசட் நல்லதுதானேன்னு 11-51 வரைக்கும் தாவிடாதீங்க. ரேஞ்ச் கூடக்கூட பல்லுக்கு பல் தாவலும் கூடும். 75-ல மிதிச்சுட்டு இருக்கீங்க, எதிர்காத்து அடிக்குது, 17-ல இருந்து 20-க்கு போனா அதே வேகத்துக்கு கேடன்ஸ் 64-க்கு விழும்னு நெறைய பேர் குழப்பிக்குவாங்க, இல்ல, பின்பல் பெருசானா கால் வேகமா சுத்தும், 88 ஆகும். காத்துல வேகமும் குறையுறதால அது கொஞ்ச நேரத்துல சரியாயிடும். இந்த 18 சதவீத தாவல் எனக்கு ஓகே, இதுக்கு மேல நடுவுல இருந்தா எரிச்சல் வரும்.

8 ஸ்பீடு வெச்சிருக்கீங்கன்னா 11-32-ல 11, 13, 15, 18, 21, 24, 28, 32-ன்னு ஓரளவு சீரா போகும். 11-34-ல ஒரு வகை 26-ல இருந்து நேரா 34-க்கு தாவும், அந்த கடைசி பல் அவசரத்துக்குத்தான். 7 ஸ்பீடு ஃப்ரீவீல்ல (பல் அடுக்கை மொத்தமா சக்கரத்துல திருகி மாட்டுற பழைய வகை) 14-34 இன்னும் மோசம், 24-ல இருந்து 34, ஆனாலும் ஏத்தம் வழியில ஒண்ணே ஒண்ணுதான்னா அதுவும் போதும்.

ஃப்ரீவீல்னு சொன்னதும் ஒரு விஷயம். சின்ன பல் 14-ல ஆரம்பிக்கும்ங்கறதால முன்னாடி கொஞ்சம் பெருசா, 40 இல்ல 42 போகலாம். 42-14-ல 90 மிதிச்சா 35 கிட்ட போகும், 42-18 உங்க வழக்கமான கியரா உக்காரும், 42-34 ஏத்தத்துக்கு 1.24. கேசட்டா ஃப்ரீவீலா தெரியலன்னா சக்கரத்தை கழட்டி பல்லை பின்னோக்கி சுத்திப் பாருங்க: பல்லோட சேந்து நடுவுல இருக்குற உட்பக்க ரிங்கும் சுத்துச்சுன்னா கேசட், அது அப்படியே நின்னுச்சுன்னா ஃப்ரீவீல்.

சின்ன சக்கர மடக்கு சைக்கிள்னா சுற்றளவு 1.5 மீட்டர் பக்கம்தான், அதே கணக்கை போட்டா முன்பல் 52, 54-ன்னு வரும், பாத்து பயப்படாதீங்க, அது பெரிய கியர் இல்ல.

மாட்டுமா மாட்டாதா

கணக்கு முடிஞ்சுது, இனிமே பார்ட் வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது.

கிராங்க்ல (பெடல் மாட்டியிருக்குற தண்டு) செயின்ரிங் போல்ட் போட்டு இருக்கா, ரிவெட் அடிச்சு இருக்கா? விலை கம்மியான கிராங்க்ல ரிவெட் அடிச்சிருப்பாங்க, அப்போ ரிங்கை மட்டும் மாத்த முடியாது, கிராங்கையே மாத்தணும், இல்ல கேசட்டை மாத்தி சமாளிக்கணும். போல்ட்னா அந்த துளைகள் உக்காந்திருக்குற வட்டத்தோட விட்டம் பாக்கணும். ரிங்கை பிடிக்கிற கை அஞ்சு இருக்குற 130 மில்லிமீட்டர்ல 38-க்கு கீழ ரிங் கெடைக்காது, அஞ்சு கை 110-ல 34 வரைக்கும் தாராளமா கெடைக்கும், நாலு கை 104-ல பொதுவா 32. முன்னாடி ரெண்டு ரிங் இருந்த கிராங்க்ல ஒண்ணை கழட்டிட்டீங்கன்னா பழைய போல்ட் நீளமா போயிடும், இறுகாது, சிங்கிள் ரிங்குக்குன்னு குட்டை போல்ட் வரும், அதை மறக்காம வாங்குங்க. நான் மறந்தேன், ரெண்டாவது நாளே கிராங்க்ல இருந்து டக் டக்னு சத்தம்.

ரிங் வாங்குறப்போ ஒரு பல் தடிமனா ஒரு பல் மெல்லிசா மாறி மாறி வர்ற நேரோ-வைடு வகையை எடுங்க. செயின்ல வெளி லிங்க்கும் உள் லிங்க்கும் மாறி மாறி வருதுல்ல, அதுக்கு ஏத்த மாதிரி பல் பிடிச்சுக்கும், குழியில குதிச்சாலும் செயின் கழண்டு விழாது. 2012-ல ஸ்ராம் கம்பெனியோட எக்ஸ்எக்ஸ்1 கியர் செட் வந்தப்போ இந்த டிசைன் பிரபலமாச்சு. இது எப்பவுமே இரட்டைப்படை பல்லாத்தான் வரும், ஒற்றைப்படையில மாறி மாறி வர வெக்க முடியாதே, அதனால கணக்குல 39 வந்தா 38-ஆ 40-ஆன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். 38. கூடவே டீரெய்லர்ல (பின்னாடி செயினை பல்லுக்கு பல் நகர்த்துற பார்ட்) அதை ஆடாம இறுக்கிப் பிடிக்கிற கிளட்ச் இருந்தா செயின் ஆட்டம் இன்னும் அடங்கும், ஆனா நல்ல ரோட்டுல ஓட்டுறவங்களுக்கு அது கட்டாயம் இல்ல.

டீரெய்லர்ல ரெண்டு நம்பர் இருக்கும். அது தாங்குற மிகப்பெரிய பல், அப்புறம் கெப்பாசிட்டி, அதாவது எத்தனை பல் வித்தியாசத்துக்கு செயின் தளர்ச்சியை அது இழுத்துப் பிடிக்கும்ங்கறது. முன்னாடி ஒரே ரிங்ங்கறதால கெப்பாசிட்டி கணக்கு ரொம்ப ஈஸி, கேசட்டோட பெரிய பல்லுல இருந்து சின்ன பல்லை கழிங்க, 11-34-க்கு 23. பெரும்பாலும் இடிக்கிறது கெப்பாசிட்டி இல்ல, பெரிய பல் லிமிட்தான். ஷிஃப்டரும் (ஹேண்டில்ல கியர் மாத்துற லீவர்) டீரெய்லரும் ஒரே குடும்பமா இருக்கணும்ங்கறதையும் பாருங்க, மைக்ரோஷிஃப்ட் கம்பெனியோட அட்வென்ட் 9 ஸ்பீடு 11-42 கேசட்டை தாராளமா தாங்கும், அருமையான செட்டுதான், ஆனா அதோட டீரெய்லரை ஷிமானோ ஷிஃப்டரோட சேத்தா கிளிக் சரியா உக்காராது, கேபிள் இழுக்குற அளவு வேற.

பெரிய ரிங் ஃப்ரேம்ல உரசுமான்னும் பாத்துடுங்க, முக்கியமா தடிமன் டயர் போடுற மவுன்டன் பைக் ஃப்ரேம்ல. வாங்குறதுக்கு முன்னாடி அட்டையில அந்த சைஸ் வட்டம் வெட்டி கிராங்க் இருக்குற இடத்துல வெச்சு பாருங்க. பல் எண்ணிக்கையை 4.04-ஆல பெருக்கினா ரிங்கோட சுமாரான விட்டம் மில்லிமீட்டர்ல வரும், 38-க்கு 154, பல் நுனிக்கு ஒரு அஞ்சாறு மில்லிமீட்டர் கூட சேத்துக்கங்க.

டீரெய்லரே வேணாம்னா

ஹப் கியர் இருக்கு, கியர் எல்லாம் பின்சக்கரத்தோட நடு ஹப்புக்குள்ளயே மூடி இருக்கும். ஸ்டர்மி-ஆர்ச்சர் மூணு ஸ்பீடுல கீழ் கியர் 0.75 மடங்கு, நடு நேரடி, மேல் 1.33. உங்க வழக்கமான விகிதத்தை நடு கியர்ல போட்டுடுங்க, 2.27-ன்னா ஏத்தத்துக்கு 1.7 கெடைக்கும், 4 சதவீத ஃப்ளைஓவருக்கு சரியா உக்காருது. ஷிமானோ நெக்ஸஸ் 8-ல 0.527-ல இருந்து 1.615 வரைக்கும். சிக்னல்ல நின்னுக்கிட்டே கியர் மாத்தலாம், டீரெய்லர்ல அது முடியாது, நிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு கிளிக் தட்டியாகணும். மழை, சேறு அதிகமா உள்ள வழின்னா நான் இதைத்தான் சொல்லுவேன். சிங்கிள் ஸ்பீடுன்னா ஒரே கணக்குதான், வழக்கமான விகிதத்துல இருந்து பத்து சதவீதம் குறைச்சு போடுங்க, கிளம்புறப்போ முட்டி வாழ்த்தும்.

மாட்டுறப்போ

செயின் நீளத்தை பழைய செயினை பாத்து வெட்டாதீங்க. டீரெய்லர் வழியா விடாம முன் ரிங்லயும் பின்னாடி பெரிய பல்லுலயும் சுத்தி போட்டு, சந்திக்கிற இடத்துல இருந்து ஒரு உள் லிங்க் ஒரு வெளி லிங்க் கூட விட்டு வெட்டுங்க. குட்டையா போச்சுன்னா பெரிய பல்லுக்கு போறப்போ டீரெய்லரே பிச்சுக்கிட்டு வரும். பெரிய கேசட் போட்டா டீரெய்லர்ல இருக்குற பி-ஸ்க்ரூவை திருகி மேல் ஜாக்கி சக்கரம் (டீரெய்லர்ல செயின் ஓடுற சின்ன சக்கரம்) பல்லுல உரசாம தள்ளி வெக்கணும்.

அப்புறம் மாட்டின உடனே செயினை பெரிய பல்லுல போட்டு மேல இருந்து பாருங்க, ரொம்ப கோணலா போகுதான்னு. பெடலை பின்னோக்கி சுத்தினா செயின் பக்கத்து பல்லுக்கு குதிச்சு இறங்குச்சுன்னா ரிங் வெளிய தள்ளி உக்காந்திருக்கு, ஸ்பேஸர் வெச்சோ உள்பக்கம் மாத்தியோ ஒரு ரெண்டு மூணு மில்லிமீட்டர் உள்ள கொண்டு வாங்க.

ஒரு மாசம் ஓட்டினதுக்கு அப்புறம் கேசட்டை துடைச்சுட்டு டார்ச் அடிச்சு பாருங்க. எந்த பல்லுல கோட்டிங் மங்கி கோடு விழுந்திருக்கோ அதுலதான் நீங்க வாழுறீங்க. அது 20, 23 பக்கம் இருந்தா முன்னாடி ரெண்டு பல் குறைங்க, 13, 15 பக்கம் இருந்தா ரெண்டு பல் கூட்டுங்க. என்னோடது இப்போ 38, மங்கலா இருக்குறது 17-ம் 20-ம். 11 இன்னும் புதுசாத்தான் இருக்கு.